பிளவக்கல்லுக்குப் போன வீடு

இராஜபாளையத்தில் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த ஜேசுதாசனின் வீடு, ஆறு வருடத்தில் பிளவக்கல் அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரித்து எடுத்துப் போகவில்லை. லாரியில் ஏற்றவும் இல்லை. அவருடைய மனைவி சந்தனமேரி அதைத் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டு அறை, ஓர் அடுப்படி, மேலே காங்கிரீட் தளம், தளத்தின்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவருக்கு வெளிறிய பச்சை டிஸ்டெம்பர். அஸ்திவாரமும் கூடவே போனது. வீடு இருந்த மனையில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. அது போன வழி ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையின் ஓரமாக இன்றும் தெரியும். நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு வழவழப்பு, எவ்வளவு மழை பெய்தாலும் அதில் மட்டும் தண்ணீர் நிற்பதில்லை.

ஜேசுதாசன் மில் வேலைக்காரர். பஞ்சுப் பொதியை உடைத்து உதறும் பகுதியில் வயசுக்காலம் முழுக்க நின்றவர். அங்கே வேலை பார்ப்பவர்கள் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது புருவமும் காதுமடலும் வெளுத்து, ஒரே நாளில் கிழவர்களாகிவிட்டவர்களைப் போல இருப்பார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தால் வயது திரும்பிவிடும். உள்ளே போன பஞ்சு மட்டும் திரும்பாது. அந்த வேலைக்கு நடுவேதான் அவர் வீட்டைக் கட்டினார். கொத்தனார் யாரையும் வைக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்தும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தும், வாங்க முடிந்த செங்கல்லை வைத்துப் பூசினார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது மகள் ஜெனிலா பிறந்தாள். தளம் போட்ட வருடம் அவள் கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கினாள். கடைசி ஜன்னலுக்குக் கதவு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கல்யாணம் முடிந்த கையோடு ஜேசுதாசனுக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு வராது. சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அதையும் தூக்கம் என்று சொல்ல முடியாது. அவர் மூச்சின் விசில் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. நுரையீரலில் படிந்ததை எடுக்க மருந்து கிடையாது, மலையடிவாரக் காற்றில் கொண்டுபோய் வைத்தால் கொஞ்சம் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருடம் கோவில் சபையார் பஸ் பிடித்துப் பிளவக்கல் அணைக்குப் போனார்கள். மற்றவர்கள் தண்ணீரில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தபோது, ஜேசுதாசன் கரையோரத்து மரத்தடியில் துண்டை விரித்து, சும்மா சாய்ந்து பார்ப்போம் என்பதுபோலச் சாய்ந்தார். மலையிலிருந்து காற்று இறங்கி வந்தது. அவர் மல்லாந்து படுத்துத் தூங்கிப்போனார். சந்தனமேரி பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டியபடி அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டிரைவர் ஹாரன் அடித்தார்; அவள் எழுப்பவில்லை. அவராக எழுந்து வரும்வரை பஸ் முழுக்கக் காத்திருந்தது.

ஊர் திரும்பியதிலிருந்து அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான். பிளவக்கல் பக்கம் ஒரு குடிசையாவது வாடகைக்குப் பிடித்துப் போய்விடலாம் என்றாள். ஜேசுதாசன் தலையை ஆட்டிவிட்டார். மகள் வந்து கெஞ்சினாள், பங்குச் சாமியார் வந்து எடுத்துச் சொன்னார், எதுவும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் இதே பேச்சு. ஒரு நாள் அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"இந்த வீட்டை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன் மேரி. மூச்சு நின்னாலும் இங்கனக்குள்ளதான் நிக்கணும்."

"சரி, வீட்டை விட வேண்டாம்," என்றாள் சந்தனமேரி. "வீட்டையும் கூட்டிட்டுப் போவோம்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னோமா, நிஜத்துக்குச் சொன்னோமா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

மறுநாள் காலையில் பாத்திரம் கழுவி முடித்து, தான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்புமுன், அவள் வீட்டின் கிழக்குச் சுவருக்குப் போனாள். மலை மேற்கே. சுவரில் முதுகை ஒட்டவைத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் நேரம் தள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை. சேலையில் ஒட்டிய பச்சைப் பொடியைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாளும் தள்ளினாள். அதற்கு மறுநாளும். வெயில் காலம் போய் மழை வந்தது. சுவரை ஒட்டிக் கிடந்த துவைகல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாள் கட்டெறும்பு வரிசை போனது. முன்பு அந்த இடத்தில் எறும்பு நுழைய இடுக்கு கிடையாது. சில வாரத்தில் சந்தனமேரியின் சுண்டுவிரல் அதில் நுழைந்தது. கிறிஸ்துமஸுக்குள் கையே நுழைந்தது.

அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்தார்கள். பிறகு, தரை இறங்குகிறது என்றார்கள். விக்னேஷ்வரன் என்ற சர்வேயர் வந்து அளந்து பார்த்தார். நாடா சுருங்கிவிட்டது என்று எண்ணி, புது நாடா வாங்கிவந்து மறுபடி அளந்தார். அதன்பின் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, எந்தப் பக்கமாகப் போகப் போகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். ஜேசுதாசனுக்குத்தான் இதெல்லாம் கூச்சமாக இருந்தது. பெண்டாட்டி வீட்டைத் தள்ள, ஆம்பளை உள்ளே உட்கார்ந்துகொண்டு போகிறான் என்று பேசுவார்கள் என நினைத்தார். அவள் தள்ளும் நேரத்தில் தண்ணீர்ச் செம்பு மெல்ல நடுங்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

தள்ளுகிற நேரத்தை அவள் கூட்டவில்லை. ஒரு ஜெபம், அவ்வளவுதான். வீடுதான் பழகிக்கொண்டது. விரல்கடை சாண் ஆனது, சாண் முழம் ஆனது. தவக்காலம் பிறந்தபோது வீடு ரயில்வே கேட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த வேகத்தில் தண்டவாளத்தைத் தாண்ட ஈஸ்டர்வரை ஆகும். கேட்டில் வேலை பார்த்தவள் சிவரஞ்சனி என்ற இளவட்டப் பெண். அவள் வீட்டைச் சுற்றிவந்து பார்த்தாள். முன்வாசல் வடக்கே பார்த்தும், கொல்லைக் கதவு தெற்கே பார்த்தும் நேர்கோட்டில் இருந்தன. யோசித்துவிட்டுச் சந்தனமேரியிடம் வந்தாள்.

"அக்கா, வண்டி வார நேரம் நான் வந்து சொல்லுதேன். ரெண்டு கதவையும் நல்லாத் தொறந்து வச்சிருங்க. நடுவுல ஒண்ணும் போட்டு வைக்காதிய."

அந்தத் தவக்காலம் முழுக்க மதுரை வண்டியும் செங்கோட்டை வண்டியும் ஜேசுதாசன் வீட்டுக் கூடத்தின் வழியாகத்தான் போயின. ரயில் பெரியது, வாசல் சிறியது. இரண்டும் உண்மைதான், ஆனாலும் வண்டி போனது. வருமுன் தரை லேசாக அதிரும். சந்தனமேரி பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்படி நிலையில் நிற்பாள். கட்டிலை அடுப்படிக்கு மாற்றியிருந்ததால் ஜேசுதாசன் அங்கேயே உட்கார்ந்து பார்ப்பார். பெட்டி பெட்டியாகப் போகும். ஜன்னலோரத்துப் பிள்ளைகள் கையாட்டும். யாரோ ஒருவர் தினமும் அவருக்கு வணக்கம் வைத்தார். சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படம் ஒரு தடவைகூட ஆடவில்லை. வண்டி போனபின் கூடத்தில் மற்றவர்களின் புளியோதரை வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் செத்த நேரம் நிற்கும். ஈஸ்டர் அன்று வீடு தண்டவாளத்தின் மேற்கே இருந்தது. சிவரஞ்சனி அன்று வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனாள். இனிமேல் கேட் வெறிச்சென்று இருக்கும் என்று வருத்தப்பட்டாள்.

பெரிய சாலைக்கு வந்ததும் வீடு தானாக வடக்கே திரும்பிக்கொண்டது. பழகின மாடு தெருமுனையில் திரும்புவதுபோலத் திரும்பியது. கிழக்குச் சுவர் பின்பக்கமாக வந்து நின்றது. அதில்தான் அவள் முதுகு பதிந்த இடம் இருந்தது. அங்கிருந்து ஒரு நாளைக்கு ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் என்று கணக்காயிற்று. அதற்குமேல் ஒரு நாளும் போகவில்லை. லாரிகள் ஒதுங்கிப் போயின. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு ராத்திரிக்கு வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஓர் அக்கம்பக்கம் கிடைத்தது. அந்த வாரத்துக்குள் கொடுக்கல் வாங்கல், குழம்புக் கிண்ணம், சின்னச் சண்டை, சமாதானம் எல்லாம் முடிந்து, வீடு அடுத்த வாரத்து மனிதர்களிடம் போய் நிற்கும். காலையில் அவள் பஸ் ஏறி இராஜபாளையத்துக்கு வேலைக்குப் போனாள்; வீடு தள்ளிப் போகப் போக, திரும்பி வரும் பஸ் நேரமும் தள்ளிப் போனது.

பெருந்தொற்று வந்த வருடம் எல்லாமே நின்றுபோயிற்று. சாலையில் ஒரு வண்டி இல்லை, ரயில் இல்லை, மில் சங்கு இல்லை. அந்த நாட்களில் இரண்டு ஊருக்கும் நடுவே நகர்ந்துகொண்டிருந்தது அந்தப் பச்சை வீடு ஒன்றுதான். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் ஜீப்பை நிறுத்தி, யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று தெரியாதா என்று கேட்டார். சந்தனமேரி சுவரிலிருந்து முதுகை எடுக்காமல், ஜெபத்தை முடித்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"வீட்டை விட்டு எங்கயும் போகலையே சார். வீட்டோடதான் இருக்கோம்."

அவர் வீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. முகத்துக்கு மாஸ்க் போடும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நோய் ஜேசுதாசனைத் தொடாமல் போனது பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அவர் நிலைமை இறங்கியது. நாலு எட்டு நடந்தால் உதடு நீலம் பாய்ந்தது. வரப்போகும் கிறிஸ்துமஸை எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் ஜெனிலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீடு அப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் இடத்தில் இருந்தது. அணைக்கட்டு இன்னும் வெகுதூரம். ஜெனிலாவின் புருஷன் பெனின் திருமங்கலத்தில் கிரேன் வைத்துத் தொழில் பண்ணுகிறவன். மாமனார் மேல் உயிரானவன். அத்தை இப்படிக் கம்பம் கம்பமாகத் தள்ளினால் மாமா போய்ச் சேர மாட்டார், ஒரே நாளில் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றான். சந்தனமேரி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் பயம் வந்துவிட்டிருந்தது. நம்முடைய வேகம் அவர் மூச்சுக்குப் போதாது என்று அன்றுதான் அவள் முதன்முதலாக நினைத்தாள்.

பெனின் இரண்டு கிரேனும் ஒரு டிரெய்லரும் கொண்டுவந்தான். இரும்பு வடத்தை வீட்டைச் சுற்றிக் கட்டினார்கள். எஞ்சின் உறுமியது, கிரேனின் பின்சக்கரம் தரையிலிருந்து தூக்கியது, வீடு அசையவில்லை. இரண்டு கிரேனும் சேர்ந்து இழுத்தபோது வடம் அறுந்தது. கூடத்துச் சுவரில் தளத்திலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு விழுந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஜேசுதாசன் அந்தச் சத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தனக்குள் ஏதோ முறிந்தது என்றே நினைத்தாராம். பெனின் வடத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதான். சந்தனமேரி அவன் தலையைத் தடவிக்கொடுத்து, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலச் சுவரில் முதுகைக் கொடுத்தாள். வீடு நகரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இது ஆரம்ப நாட்களின் அசையாமை இல்லை என்று அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது. அப்போது சுவர் அவளை அறியாமல் இருந்தது. இப்போது அறிந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டது. மழை தொடர்ந்து பெய்தது. வெடிப்பின் வழியே தண்ணீர் இறங்கிக் கூடம் ஈரமானது. வீட்டைச் சுற்றிப் புல் முளைத்தது. இனி இதுதான் உங்கள் இடம்போல என்று பக்கத்துக் கடைக்காரர் அன்பாகத்தான் சொன்னார். ஒரு நாள் காலை அவள் சுவருக்குப் போகவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் போட்டுக்கொண்டு, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜேசுதாசன் அதைக் கட்டிலிலிருந்து பார்த்தார். இத்தனை வருடமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு, காலையில் செம்புத் தண்ணீர் நடுங்காதது பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் எழுந்தார். கட்டிலைப் பிடித்து, கதவைப் பிடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு பிடிக்கும் நின்று மூச்சு வாங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சுவருக்கு வந்து சேர்ந்தார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

"எங்க வாரிய? தூத்தல் விழுது, உள்ள போங்க."

"இந்தச் சுவத்துல உள்ள கல்லெல்லாம் நான் வச்சது," என்றார் அவர், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. "செத்தத் தள்ளி நில்லு. எனக்கும் எடம் வேணும்."

அவள் நகர்ந்து நின்றாள். இரண்டு பேரும் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். அவரிடம் தள்ளுவதற்குப் பலம் ஏது. தன் எடையைச் சுவரில் வைத்தார், அவ்வளவுதான். அவள் ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னாள். அவர் பாதியில் சேர்ந்துகொண்டார். முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"நாளைக்குப் பாப்போம்," என்றார் ஜேசுதாசன்.

சந்தனமேரி அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் நாளைக்கு என்ற சொல் வந்ததில்லை. அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்த் தலையைத் துவட்டிவிட்டாள்.

மறுநாளும் வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். அவர் கட்டிலிலிருந்து சுவருக்கு வந்துசேரும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வழியில் பிடித்து நிற்கும் இடங்களில் ஒன்று விட்டுப்போனது, பிறகு இன்னொன்று. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் ஒரு காலை, ஜெபம் முடிந்து இரண்டு பேரும் குனிந்து பார்த்தபோது, சுவரடியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர், சுவர் விலகிய இடத்துக்கு நூல் அளவு நகர்ந்து வந்திருந்தது. ஜேசுதாசன் மண்ணில் உட்கார்ந்து அந்த நூல் அளவு ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். டாக்டர் எதிர்பார்க்க வேண்டாம் என்ற கிறிஸ்துமஸ் வந்து, கேக் வெட்டி, போனது. பொங்கலுக்கு வீடு மறுபடியும் சாண் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. ஈஸ்டருக்குள் பழையபடி கம்பத்துக்குக் கம்பம். வெடிப்பை அவரே சிமெண்டு குழைத்துப் பூசினார். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி சிமெண்டு, அதற்குமேல் முடியவில்லை. ஆனாலும் பூசி முடித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் அந்த வீடு நுழையக்கூடிய அகலத்தில் ரதவீதிகளைத் தவிர வேறு தெரு இல்லை. அதனால் வீடு அங்கேதான் போயிற்று. போய்த் தெற்கு ரதவீதி முனையில் நிற்கும்போது ஆடிப்பூரம் நெருங்கிவிட்டது. தேர் சுற்றிவர வேண்டிய வழியில் வீடு. ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. தேர்ச்சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களில் ஒருவரான சோலைராஜைப் பேசிப் பார்க்க அனுப்பினார்கள். அவர் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நாளைக் கழிச்சுத் தேரு, தாயி. வீடு நவுருமா?"

"ஒரு கம்பத்துக்கு நவுரும் அண்ணாச்சி. அதுக்கு மேல நாம சொன்னாக் கேக்காது."

சோலைராஜ் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "எங்க தேரும் அப்படித்தான். நாம சொன்னாக் கேக்காது," என்றார். போய் மற்றவர்களிடமும் அதையே சொன்னார். மேற்கொண்டு யாரும் வரவில்லை.

தேரன்று காலை சந்தனமேரி தள்ளவில்லை. அத்தனை கூட்டத்தில் பின்சுவருக்குப் போக வழி இல்லை. அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு, என்ன ஆகுமோ என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வடம் பிடித்துவிட்டார்கள். ஆயிரம் ஆயிரம் பேர் ஒரே மூச்சாக இழுக்கும் சத்தம் வந்தது. தடி போடும் சத்தம், மரம் மரத்தில் உரசும் சத்தம், மேளம். தேர் தெருவுக்குள் திரும்பியபோது பின்ஜன்னலில் இருந்த வானம் முழுக்க மறைந்துபோய், அங்கே தேர் நின்றது. சிகப்பும் மஞ்சளுமாகத் துணி, மரச்சிற்பம், அதற்கு மேலே துணி, அதற்கும் மேலே கலசம். கழுத்தை எவ்வளவு சாய்த்தாலும் முடியவில்லை. வீடு மெதுவாக நகரத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. தேர் ஒரு எட்டு வைத்தால் வீடு ஒரு எட்டு வைத்தது. தேர் நின்றால் அதுவும் நின்றது. பெரியவர்கள் வரும்போது முன்னால் வழிவிலக்கிக்கொண்டு போகிறவரைப் போல, நான்கு வீதியிலும் தேருக்கு முன்னே நடந்தது. குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது; ஒரு சொட்டு சிந்தவில்லை. ஜேசுதாசன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வாயைத் திறந்து, தேரையே பார்த்துக்கொண்டு வந்தார். தேர் நிலைக்கு வந்தபோது வீடு தன் பழைய தெற்கு முனையிலேயே, அதே கம்பத்தடியில் போய் நின்றது. அன்றைய நடை முழுவதும் ஒரு சுற்றாகப் போனதால், பிளவக்கல்லுக்கு ஓர் அடிகூடக் கூடவில்லை. யாரோ வாசலில் ஒரு வாழைக்கன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை இரண்டு பேரும் பின்சுவருக்குப் போய், ஜெபத்தைச் சொல்லி, அடுத்த கம்பத்துக்குத் தள்ளினார்கள்.

கிருஷ்ணன்கோவில் வந்தது, வத்திராயிருப்புச் சாலை பிரிந்தது. சந்தனமேரி கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கட்டுத்துணி மடிக்கும் வேலையை வீட்டிலேயே வாங்கிச் செய்தாள். இரண்டு பக்கமும் வயலும் தென்னந்தோப்புமாக வந்தன. மேற்கே மலை ஒவ்வொரு வாரமும் ஜன்னலில் கொஞ்சம் உயர்ந்தது. ஜெனிலாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் வத்திராயிருப்பு தாண்டி, வீடு அன்றைக்கு நின்ற இடத்துக்கு வந்தார்கள். பெனின் பின்சுவரில் தானும் ஒரு நாள் முதுகைக் கொடுத்துப் பார்த்தான். வீடு அவனையும் ஏற்றுக்கொண்டது. சாலை அங்கிருந்து மேடு. மேட்டில் தள்ளுவது கஷ்டமாக இருக்கும் என்று சந்தனமேரி பயந்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. ஜேசுதாசன் இப்போதெல்லாம் தள்ளி முடித்ததும் உள்ளே போகாமல், வீட்டின் பின்னாலேயே அந்தக் கம்ப தூரத்தை நடந்து வந்தார்.

ஒரு தை மாதக் காலையில் வீடு நகரவில்லை. அன்றைக்கு அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். அவர் இன்னும் எழுந்து வரவில்லை. ஜெபத்தை முடித்தாள், மறுபடி ஒரு தடவை சொன்னாள். சுவர் அசையவில்லை. பெனின் வடம் கட்டி இழுத்த பிறகு நின்ற நாட்கள் அவள் நினைவுக்கு வந்தன. ஆனால் முதுகில் இருந்தது வேறு. சுவர் வெதுவெதுவென்று, சாப்பிட்டு முடித்தவர் சாய்ந்திருப்பதுபோல இருந்தது. அவள் அவரிடம் சொல்ல உள்ளே போனாள். ஜேசுதாசன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். தலையணை தரையில் கிடந்தது. விசில் சத்தம் இல்லை. வீட்டுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. சந்தனமேரி பக்கத்தில் போய், கையை அவர் மூக்குக்கு முன்னால் வைத்தாள். மூச்சு வந்து அவள் உள்ளங்கையில் பட்டது, போனது, மறுபடி வந்தது. அவள் கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றாள். எழுப்பவில்லை.

வெளியே வந்து பார்த்தபோது தைப் பனி விலகி அணைக்கரை தெரிந்தது. மலையிலிருந்து காற்று இறங்கித் தண்ணீர்மேல் சுருக்கம் சுருக்கமாக நடந்து வந்தது. பக்கத்து மாந்தோப்பிலிருந்து பாலம்மாள் என்ற பெண் மண்வெட்டியோடு வந்தாள். தோப்பு அவளுடையது. நேற்றுக் காலைவரை வெறும் புறம்போக்காகக் கிடந்த இடத்தில் பச்சை வீடு ஒன்று நிற்பதைப் பார்த்தாள்.

"எப்ப வந்திய?"

"இப்பத்தான். இராஜபாளையத்துல இருந்து வாரோம்."

"அம்புட்டுத் தூரமா," என்றாள் பாலம்மாள். "வெயில் ஏறுமுன்னே வந்துட்டிய, நல்லது. தண்ணி அந்தா அந்த மோட்டார்ல பிடிச்சுக்கிடுங்க."

மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். மத்தியானம் ஒரு முறம் கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜேசுதாசன் இன்றும் இருக்கிறார். அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் மதகுவரை நடந்து போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறார். ஊராட்சியில் வீட்டுக்குக் கதவு எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் டவுன்பஸ் இப்போது அங்கே நின்று போகிறது. அந்த நிறுத்தத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை; கண்டக்டர் "வந்த வீடு இறங்குங்க" என்று குரல் கொடுக்கிறார். வெளியூர்க்காரர்கள் யாராவது அது என்ன பெயர் என்று கேட்டால், வீடு வந்த இடம், அதனால் அப்படி என்கிறார். அவர்கள் சரி என்று டிக்கெட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.